கிண்டிக்குள்ள ஒரு கேசினோ இருந்திருந்தா குதிரைப் பந்தயம் பிழைச்சிருக்குமா?

கேள்வி: நடுமாட்டுக்காரன் (மேலூர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் குதிரை ஆள் இல்ல, மாட்டு ஆள். எங்க வீட்டுல ஒரு ஜோடி நடுமாடு (பெரிய மாட்டுக்கும் சின்ன மாட்டுக்கும் நடுத்தரமான பந்தய மாடு) நிக்கிது. தாத்தா காலத்துல இருந்தே வண்டிப் பந்தயம் பழக்கம். சிவகங்கைப் பக்கம், சிங்கம்புணரிப் பக்கம் எங்கிட்டு போஸ்டர் ஒட்டினாலும் மினி லாரியில மாட்ட ஏத்திருவோம். பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டைன்னு அதுக்குப் போடுற தீனிக்கு, ஜெயிச்சு வாங்குற பரிசு காணவே காணாது. தெரிஞ்சுதான் ஓட்டுறோம்.

டீக்கடையில ஒரு தகராறு. எங்க ஊர்ப் பய ஒருத்தன் அமெரிக்காவுல கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு வந்திருக்கான். அவன் சொல்றான்: "அங்க குதிரை மைதானத்துக்குள்ளயே ஸ்லாட் மெஷின், அதான் காசு போட்டு ஆடுற சூதாட்ட மெஷின், வச்சிருக்கான். அந்தக் காசுல ஒரு பங்கு பரிசுத் தொகைக்குப் போகுது. சென்னை கிண்டி ரேஸ்கோர்ஸ்ல ஒரு கேசினோ தொறந்திருந்தா இன்னைக்கு அந்த இடத்தப் பூட்டியிருக்க மாட்டாங்க." உடனே எங்க மாமா, "கேசினோ வந்தா குதிரைய எவன்டா திரும்பிப் பாப்பான்"னாரு. டீ ஆறிப்போச்சு, பேச்சு ஆறல.

எனக்குத் தெரியணும்ங்கிறது இதுதான். குதிரைப் பந்தயத்துல பரிசுப் பணம் எங்கிட்டு இருந்து வருது? எங்க பந்தயத்துல ஊர்ப் பெரிய மனுசங்க மைக்குல பேர் சொல்லி ஆளுக்கு இம்புட்டுன்னு குடுக்குறாங்க. அங்க யாரு குடுக்குறா? கேசினோ காசு வந்தா அது கூடுமா, செத்துப்போகுமா? ரம்மி ஆப்பெல்லாம் தடை பண்ணிட்டாங்களே, அந்தக் கூட்டம் குதிரைக்குத் திரும்புமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. சும்மா வாட்ஸ்அப்ல வந்ததப் போட வேண்டாம்.

பதில்: பழைய டோட்டு (மதுரை)

தம்பி, எனக்குச் சொந்த ஊர் திருமங்கலம். பல வருசம் கிண்டியில ரேஸ் நாள்ல டோட் கவுண்டர்ல, அதான் கிளப்பு பந்தயப் பணம் வாங்குற இடத்துல, உக்காந்து டிக்கெட் அடிச்சிருக்கேன். இப்ப மதுரையில, ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பின்னாடிதான் வீடு. பேருதான் ரேஸ்கோர்ஸ், காலையில அங்க ஓடுறது பூராம் ஸ்கூல் பிள்ளைகளும் சர்க்கரை வியாதிக்காரங்களும்தான். அதனால கவுண்டருக்கு உள்ள இருந்து பாத்ததச் சொல்றேன்.

பரிசுப் பணம் பந்தயம் கட்டுறவன் பையில இருந்துதான் வருது. குதிரைச் சொந்தக்காரங்க நுழைவுக் கட்டணம் கட்டுவாங்க, ஸ்பான்சர்னு ஒரு கம்பெனி கோப்பை குடுக்கும். அதெல்லாம் ஓரமா நிக்கிற காசு. அச்சாணி டோட்டுதான். ஒரு ரேஸுக்கு எல்லாரும் கட்டுற பணம் ஒரே தொகையாச் சேரும். அதுல ரேஸ் நடத்துற கிளப்பு தன் பங்க முதல்ல எடுத்துக்கும், வரி போகும், மிச்சத்த ஜெயிச்சவங்க டிக்கெட்டுக்குத் தக்கன பிரிச்சுக்குவாங்க. எந்தக் குதிரை வந்தாலும் கிளப்புக்கு நட்டம் கிடையாது. புக்கி கதை வேற. அவன் ஆட்ஸ் (ஒண்ணுக்கு எத்தனைங்கிற கணக்கு) சொல்லி, தன் கைக்காச வச்சு ஆடுறவன், அவனுக்கு ஒரு குதிரை வந்தா சிரிப்பு, இன்னொன்னு வந்தா வேட்டி அவிழும். கிளப்பு எடுக்குற அந்தப் பங்குலதான் பரிசுத் தொகை, ஓடுதளத்துக்குப் புல்லு, தண்ணி, கேமரா, குதிரை டாக்டர், போதை மருந்துச் சோதனை, கவுண்டர்ல உக்காந்த எங்க கூலி அம்புட்டும். கூட்டம் கட்டுற தொகை குறைஞ்சா மறு சீசன்லயே பரிசு குறையும். பரிசு குறைஞ்சா புதுக் குதிரை வாங்க ஆள் வராது. ஆறு குதிரை ஓடுற ரேஸ்ல எவனும் பெருசாக் கட்ட மாட்டான். அப்ப தொகை இன்னும் குறையும்.

கிண்டி விசயத்துல உங்க ஊர்ப் பய ஒண்ண விட்டுட்டான். அந்த இடம் பூட்டுனது குத்தகைப் பாக்கிக்காக. 160 ஏக்கர், 1946-ல இருந்து 99 வருசக் குத்தகை, வருச வாடகை 614 ரூபாய் 13 பைசா. ஆமா, ஆறுநூத்திப் பதினாலுதான். இன்னைக்கு மதுரையில ஒரு வாடகை வீட்டுக்குக் கரண்டு பில்லுக்குக்கூடப் பத்தாது. 1970-ல இருந்து வாடகையக் கூட்டணும்னு அரசு கேட்டு, வழக்கு நடந்து, பாக்கி 730 கோடிக்கு மேலன்னு 2023-ல ஹைகோர்ட்டு கட்டச் சொல்லுச்சு. 2024 செப்டம்பர்ல சீல் வச்சாங்க. அதே வருசம் ஜூன்ல ஊட்டி மைதானத்தையும் அரசு எடுத்துருச்சு, அங்க கேட்ட பாக்கி 822 கோடி. இதுக்கு ஸ்லாட் மெஷின் மருந்தான்னு நீங்களே சொல்லுங்க.

சட்டத்துலயும் ரெண்டும் ஒண்ணு கிடையாது. தமிழ்நாட்டுல 1974-லயே குதிரைப் பந்தயத்த ஒழிக்கச் சட்டம் போட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 1996 ஜனவரி 12-ல தீர்ப்பு வந்துச்சு: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் இல்லன்னு. குதிரையோட வம்சம், போன ஓட்டத்துல எடுத்த நேரம், தூக்குற எடை, மேல உக்காந்து ஓட்டுற ஜாக்கி, தரை ஈரம் இதையெல்லாம் பாத்துக் கணிக்கிற வேலைன்னு கோர்ட்டே ஒத்துக்கிச்சு. இந்தத் தீர்ப்புலதான் இந்தியா பூரா அத்தனை கிளப்பும் இன்னைக்கும் மூச்சு விடுது. கேசினோவுக்கு அந்தத் தீர்ப்பு கிடையாது. நம்ம நாட்டுல அது கோவாவுலயும் சிக்கிம்லயும்தான் இருக்கு. ரெண்டையும் ஒரே கூரைக்குள்ள கொண்டுபோய் வச்சா முதல்ல போறது குதிரையோட நல்ல பேருதான்.

உண்மையிலயே கழுத்த நெரிச்சது வரி. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்ப, கட்டுற முழுத் தொகைக்கும் 28 சதவீதம்னு போட்டாங்க. கிளப்பு எடுக்குற பங்குக்கு மட்டும் வரின்னா யாரும் முணுமுணுக்க மாட்டாங்க. முழுத் தொகைக்குன்னா என்ன ஆகும்னு ஒரு கணக்குப் போடுறேன், பொறுமையாப் படிங்க.

ஒருத்தன் 1000 ரூபாயோட வர்றான். கிளப்புப் பங்கு ஒரு பேச்சுக்கு 10 சதவீதம்னு வைங்க. ரேஸ்காரன் ஜெயிச்ச காச வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான், அடுத்த ரேஸ்ல கட்டுவான். ஒவ்வொரு சுத்துலயும் 10 சதவீதம் கழியும். எல்லாருக்கும் சராசரி பாத்தா, அந்த 1000 கரைஞ்சு முடியிறதுக்குள்ள மொத்தம் 10,000 ரூபாய்க்குப் பந்தயம் நடந்திருக்கும், கிளப்புக்கு 1000 சேரும். இப்ப மேல 28 வரியச் சேருங்க. ஒவ்வொரு சுத்துலயும் 38 போகுது. மொத்தப் பந்தயம் ஏறக்குறைய 2,630 ரூபாயோட நின்னுபோகும். கிளப்புக்கு 263, அரசுக்கு 737. 2025 செப்டம்பர் 22-ல அந்த 28-அ 40 ஆக்கிட்டாங்க. இப்ப சுத்துக்கு 50 போகும். கிளப்புக்கு 200, அரசுக்கு 800. வரிய 12 புள்ளி ஏத்துனதுல, அந்த ஆயிரத்துல அரசுக்குக் கூடுனது 63 ரூபாய். அதுவும் அவன் ஒழுங்கா கவுண்டருக்கு வந்தாத்தான். வெளிய போன்ல வாங்குற கள்ள புக்கிக்கிட்ட வரி கிடையாது, ரசீது கிடையாது, கடன்கூட உண்டு. எவன் கவுண்டருக்கு வருவான்?

இங்கிலாந்துக்காரன் இத 2001-லயே புரிஞ்சுக்கிட்டான். கட்டுற தொகைக்குப் போட்ட வரிய எடுத்துட்டு புக்கியோட லாபத்துக்கு 15 சதவீதம்னு மாத்துனான். ஹாங்காங் 2006-ல அதே மாதிரி மாத்துச்சு. அங்க லாபத்துல முக்கால்வாசிய வரியா எடுக்குறாங்க, ஆனாலும் பந்தயம் நடக்குது. எவ்வளவு எடுக்குறங்கிறது ரெண்டாவது, எதுல எடுக்குறங்கிறதுதான் முதல்ல. ஹாங்காங்ல கேசினோவும் கிடையாது, அதையும் குறிச்சுக்கங்க.

பதில்: சிராங்கூன் ரோடு (சிங்கப்பூர், சொந்த ஊர் உசிலம்பட்டி)

பெரியவர் சொன்னதோட நான் பாத்ததையும் சேத்துக்கங்க. சிங்கப்பூர்ல குதிரைப் பந்தயம் 1842-ல ஆரம்பிச்சது. கிராஞ்சியில 1999-ல புது மைதானம் கட்டுனாங்க, ராத்திரி ரேஸ், ஏசி ஹால்னு அமர்க்களமா இருக்கும். 2010-ல செந்தோசாவுலயும் மரினா பேயிலயும் ரெண்டு கேசினோ தொறந்தாங்க. அந்த வருசம் ஒரு ரேஸ் நாளுக்குச் சராசரி 11,000 பேர் வந்த கிராஞ்சிக்கு, 2019-ல 6,000 பேர்தான். கொரோனாவுக்கு அப்புறம் 2,600-க்கு வந்துருச்சு. 2023 ஜூன்ல மூடப்போறோம்னு அறிவிச்சாங்க, 2024 அக்டோபர் 5-ல கடைசி ரேஸ். 120 ஹெக்டேருக்கு மேல இடம், வீடு கட்டுறதுக்குன்னு திரும்பக் கேட்டுட்டாங்க.

கேசினோதான் கொன்னுச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இங்க நிலம் தங்கம், அரசாங்கமும் நிலத்தத்தான் காரணமாச் சொன்னுச்சு. இங்கத்த ஆளுங்க கேசினோவுக்குள்ள போகவே ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டணும், முன்னாடி 100 இருந்துச்சு. அப்படியிருந்தும் போறாங்க. என்கூட டார்மிட்டரியில இருந்த ஒரு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஆனா ரேஸ் பேப்பர விரிச்சு பேனாவுல வட்டம் போட்டுக்கிட்டே இருப்பாரு. பொழுது பூரா அதே வேலை. அவருக்கு அடுத்து வந்த பயலுக எவனும் அந்தப் பேப்பரத் தொடல. போன்லயே எல்லாம் முடிஞ்சுருது.

சீனாவுல இருக்குற மக்காவ் சங்கதி இன்னும் வேடிக்கை. உலகத்துலயே கேசினோவுக்குப் பேர்போன ஊரு. அங்க இருந்த குதிரை கிளப்புக்கு 2042 வரைக்கும் ஒப்பந்தம் இருந்துச்சு. நட்டம் தாங்கல, எங்களால ஆகாதுன்னு அவங்களே அரசாங்கத்துக்கிட்ட சொல்லி, 2024 ஏப்ரல் 1-ஓட முடிச்சுக்கிட்டாங்க. சுத்திப் பணம் ஆறா ஓடுற ஊர்ல குதிரைக்கு ஒரு சொட்டு கிடைக்கல. அமெரிக்காவுல பங்கு குடுக்கச் சட்டம் இருக்கு, இங்க இல்ல. அந்த ஒரு வித்தியாசத்த உங்க ஊர் நண்பர் சொல்லியிருக்கணும்.

பதில்: கால்நடை மருத்துவர் (ஒத்தக்கடை)

சட்டம் போட்டுப் பங்கு குடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நான் பணத்தின் பக்கம் பேசவில்லை, குதிரையின் காலைப் பற்றிப் பேசுகிறேன்.

நியூயார்க்கில் அக்விடக்ட் என்ற மைதானம். 2011 அக்டோபரில் அதன் வளாகத்தில் கேசினோ திறந்தது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு வந்ததும் பரிசுத் தொகைகள் மளமளவென்று ஏறின. அந்த நவம்பர் கடைசியிலிருந்து 2012 மார்ச் நடுப்பகுதி வரை, ஒரே குளிர்காலத்தில், அந்த ஓடுதளத்தில் 21 குதிரைகள் இறந்தன. அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் அறிக்கை கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டிய ஒன்று.

அமெரிக்காவில் 'கிளெய்மிங்' பந்தயம் என்று ஒரு வகை உண்டு. ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் விலை ஒட்டியிருக்கும். ஓடும் முன்பே யாராவது பணம் கட்டியிருந்தால் பந்தயம் முடிந்ததும் குதிரை அவருடையது. சாதாரணமாக, நல்ல குதிரையை மலிவுப் பந்தயத்தில் ஓட்டினால் பறிபோய்விடும், நொண்டியை ஓட்டினால் பரிசும் கிடைக்காது, வாங்கவும் ஆள் இருக்காது. அந்தப் பயம்தான் கட்டுப்பாடு. கேசினோ பணம் வந்ததும் குதிரையின் விலையைப் போல சில மடங்கு பரிசு கிடைத்தது. பிறகு என்ன ஆகும்? முட்டியில் வலியுள்ள குதிரைக்கும் மூட்டில் ஊசி போட்டு இன்னும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கத் துணிவார்கள். ஜெயித்தால் பரிசு, இல்லையென்றால் வாங்கினவன் தலையில் போகட்டும் என்று. வலி தெரியாத குதிரை காலை ஊன்றி ஓடும், எலும்பில் ஏற்கெனவே இருந்த கீறல் முறிவாகும். அதற்குப் பிறகுதான் பரிசுக்கும் குதிரை விலைக்கும் ஒரு வரம்பு கட்டினார்கள், ஊசி மருந்துகளுக்கும் கெடு வைத்தார்கள்.

நடுமாட்டுக்காரத் தம்பி, உங்கள் பந்தயத்தில் பரிசு குறைவு என்று வருத்தப்படுகிறீர்கள். பந்தயத்துக்கு முன்னால் மாட்டுக்கு வலி ஊசி போடச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் இன்று மிகச் சிலர். பரிசு பத்து மடங்கானால் என் வாசலில் வரிசை நிற்கும்.

நடுமாட்டுக்காரன்

டாக்டரம்மா, ஊசி விசயம் உண்மைதான், சில பேர் செய்றாங்க, நாங்க செய்யமாட்டோம். டோட்டு அய்யா, கணக்கு ரெண்டு தடவை படிச்சேன், வெளங்கிருச்சு. டீக்கடையிலயும் படிச்சுக் காட்டினேன். அமெரிக்காக்காரன் விடல. "குதிரை செத்தது மேய்க்கத் தெரியாததால, ஆனா பரிசு கூடுனது கூடுனதுதானே"ங்கிறான். அப்ப அந்த ஸ்லாட் காசு நின்னுபோனா என்ன ஆகும்? எங்கயாச்சும் நின்னிருக்கா?

பழைய டோட்டு

நின்னிருக்கு தம்பி. கனடாவுல ஒன்டாரியோ மாகாணம். 1998-ல இருந்து குதிரை மைதானங்கள்ல ஸ்லாட் மெஷின் வச்சாங்க. வருமானத்துல 10 சதவீதம் மைதானத்துக்கு, 10 சதவீதம் குதிரைக்காரங்களுக்கு. வருசத்துக்கு ஏறக்குறைய 345 மில்லியன் டாலர் குதிரைப் பக்கம் வந்துச்சு. ஊர் ஊரா லாயம், பண்ணை, குட்டி போடத் தாய்க் குதிரைன்னு ஜனங்க கடன் வாங்கி முதல் போட்டாங்க. 2012-ல அரசுக்குப் பணமுடை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய காசு குதிரைக்கு எதுக்குன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அந்தக் கேள்விக்கு யாருக்கிட்டயும் பதில் இல்ல, ஏன்னா அது குதிரை சம்பாதிச்ச காசு இல்லையே. 2013 மார்ச் 31-ஓட நிறுத்திட்டாங்க. ஒரு வருசம்தான் அவகாசம். குதிரைக்குட்டி பொறந்து, வளந்து, ஓடுதளத்துக்கு வர ரெண்டு மூணு வருசம் ஆகும். வயித்துல குட்டியோட நின்ன தாய்க் குதிரைகள வந்த விலைக்கு வித்தாங்க. அப்புறமா அரசு கொஞ்சம் உதவி குடுத்துச்சு, ஆனா பழைய அளவுக்கு வரல.

இதத்தான் சொல்றேன், அடுத்த வீட்டு உலையில வேகுற சோத்த நம்பி நம்ம வீட்டு அடுப்ப இடிச்ச கதை. ஸ்லாட் காசு வந்த மைதானங்கள்ல, ரேஸ் பாக்கக் கூட்டம் சேக்கணும்ங்கிற நினைப்பே போயிருது. கேலரி காலியா இருந்தாலும் பரிசு வந்துரும்ல. அப்புறம் எவன் ரேஸ் புக்க அச்சடிச்சு, புதுசா வர்றவனுக்குச் சொல்லிக்குடுத்து, டிக்கெட்டுல கிளப்பு கழிச்சுக்கிறதக் குறைச்சு ஆள் பிடிப்பான்? அமெரிக்காவுல வின் (முதல்ல வர்ற குதிரை), பிளேஸ் (முன்னணி இடத்துக்குள்ள வர்ற குதிரை) பந்தயத்துல 15-ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் கழிக்கிறாங்க, மூணு குதிரைய வரிசையாச் சொல்ற பந்தயத்துல 25-க்கு மேலயும் போகும். நம்ம ஊர்ல அதத் 'டனாலா'ம்போம். பக்கத்துல ஸ்லாட் மெஷின் கழிக்கிறது அதவிடக் கம்மி, ஆட்டமும் சில செகண்டுல முடிஞ்சுரும். குதிரைக்கு அரை மணி நேரம் காத்திருக்கணும், யோசிக்கணும், அதுக்கு மேல கழிவும் ஜாஸ்தி. ஒரே வாசல்ல ரெண்டையும் வச்சா எது ஜெயிக்கும்?

இன்னொண்ணு கேளுங்க, இது உங்க அமெரிக்காக்காரருக்கு. சிகாகோ பக்கம் ஆர்லிங்டன்னு ஒரு மைதானம், 1927-ல தொறந்தது. தரோப்ரெட்ங்கிற பந்தயக் குதிரை இனத்துக்கு உலகத்துலயே முதல் தடவையா 10 லட்சம் டாலர் பரிசு வச்சு 1981-ல ரேஸ் நடத்துனது அங்கதான். எங்களுக்கும் கேசினோ வேணும்னு அந்த மைதானத்துக்காரங்க வருசக்கணக்காக் கேட்டாங்க. 2019-ல மாகாணச் சட்டம் வந்து, வச்சுக்கங்கன்னு சொல்லிருச்சு. வேண்டாம்னுட்டாங்க! ஏன்? மைதானத்தோட முதலாளிக் கம்பெனி சர்ச்சில் டவுன்ஸ், அதே வருசம் பக்கத்துல இருந்த ஒரு கேசினோவுல பெரும்பங்க வாங்கிருச்சு. மைதானத்துக்குள்ள கேசினோ வச்சா வருமானத்துல குதிரைக்குப் பங்கு குடுக்கணும், தனிக் கேசினோன்னா அந்தத் தொல்லை கிடையாது. கணக்குப் பிள்ளை என்ன சொல்லுவான்? 2021 செப்டம்பர்ல கடைசி ரேஸ். 2023-ல இடத்த ஒரு புட்பால் டீமுக்கு 197 மில்லியன் டாலருக்கு வித்துட்டாங்க. கென்டக்கி டெர்பிங்கிற பேர்போன குதிரை ரேஸ நடத்துற கம்பெனியே இப்படின்னா மத்தவங்களச் சொல்லி என்ன?

நியாயமா அந்தப் பக்கமும் சொல்லணும். அதே கென்டக்கி மாகாணத்துல 2011-ல இருந்து ஒரு மெஷின் வச்சிருக்காங்க. பாக்க ஸ்லாட் மாதிரியே இருக்கும். ஆனா உள்ள, முன்னாடி எப்பவோ ஓடி முடிஞ்ச ரேஸ்களோட முடிவுலதான் ஜெயிப்பு தோல்வி. கட்டுற பணமும் டோட் மாதிரிப் பொதுத் தொகையாச் சேரும். கோர்ட்டு 2020-ல இது சரியில்லன்னுச்சு, மறு வருசமே சட்டத்தத் திருத்திட்டாங்க. அந்தக் காசுல கென்டக்கி டவுன்ஸ்ங்கிற சின்ன மைதானத்துல ஒரு தடவைகூட ஜெயிக்காத குதிரைகளுக்கு வைக்கிற ரேஸுக்கே 1 லட்சம் டாலருக்கு மேல பரிசு. குதிரைக்காரங்க அங்கிட்டுத்தான் ஓடுறாங்க. கேசினோ காசு பரிசக் கூட்டாதுன்னு நான் சொல்லல. கூட்டும். கூட்டுற கை எப்ப வேணா மடங்கும், அதுதான் பேச்சு.

பதில்: வாடிப்பட்டி வாத்தியார்

எல்லாரும் குதிரை பிழைக்குமா, கிளப் பிழைக்குமா என்று அக்கறையாகப் பேசுகிறீர்கள். கட்டுகிறவன் பிழைப்பானா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பெரியப்பா நெல் விற்ற காசோடு வைகை எக்ஸ்பிரஸ் ஏறிக் கிண்டிக்குப் போவார். கிணற்றடி வயல் போனது, பெரியம்மாவின் அட்டிகை போனது. திறமை விளையாட்டு என்று கோர்ட் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. டோட்டு அய்யா போட்ட கணக்கிலேயே இருக்கிறதே: வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 1000 ரூபாய் கரைந்து முடிகிறது. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. 40 சதவீதம் என்ன, 400 போடட்டும்.

பழைய டோட்டு

வாத்தியாரய்யா, நீங்க சொல்றத நான் மறுக்கல. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ன மூஞ்சிகளை எனக்குத் தெரியும். முதல் ரேஸுக்கு வர்றப்ப இருக்குற மூஞ்சி வேற, கடைசி ரேஸுக்கு வர்ற மூஞ்சி வேற. வெளிய தாலிச் சரட்ட அடகு வச்சுட்டு வந்து டிக்கெட் கேட்டவனுக்கும் அடிச்சுக் குடுத்த கை இது. கணக்குல 1000 கரையிதுன்னு நீங்க கண்டுபிடிச்சது சரிதான்.

ஆனா 400 சதவீதம் போட்டா உங்க பெரியப்பா நிறுத்தியிருப்பாருன்னு நினைக்கிறீங்களா? 2003-ல நம்ம மாநிலத்துல லாட்டரியத் தடை பண்ணாங்க. டவுன்ஹால் ரோட்டுல, பெரியார் பஸ் ஸ்டாண்டுல கடைகடையாத் தொங்குன சீட்டு மறுநாளே காணோம். நல்ல காரியம்னுதான் நானும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். ஆனா கொஞ்ச நாள்லயே மூணு நம்பர் லாட்டரி சந்துக்குள்ள வந்துருச்சு. தேனி, கம்பம் ஆளுங்க குமுளி ஏறிப் போயி கேரளாச் சீட்டு வாங்கிட்டு வர்றாங்க. இதுல தம்பியோட இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கு. லாட்டரி போனதும் அந்தக் கூட்டம் கிண்டிக்கு வரல. எங்க கவுண்டர்ல ஒரு மாத்தமும் தெரியல. அதனால 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு எல்லாத்தையும் மத்திய அரசு தடை பண்ணதுக்கு அப்புறம், ரம்மிப் பயலுக குதிரைக்கு வருவாங்கன்னு யாராவது கிளப்பு நினைச்சா அது கனவு. படுக்கையில படுத்துக்கிட்டே ஆடுனவன், எடை பாத்து, நேரம் பாத்து, ரேஸ் புக்கப் புரட்டிக்கிட்டு இருக்கமாட்டான். அவன் வேற ஆப்பத் தேடுவான், இல்ல கிரிக்கெட் புக்கியத் தேடுவான்.

சிராங்கூன் ரோடு

வாத்தியார் சொன்ன மாதிரி எங்க தெருவுலயும் ஒரு குடும்பம் உண்டு. அது இருக்கட்டும், டோட்டு அண்ணே, உங்க கணக்குல ஒரு சந்தேகம். கிளப்புப் பங்குக்கு மட்டும் 40 சதவீதம் வரின்னா?

பழைய டோட்டு

அப்ப சுத்துக்குக் கழியிறது 10-தான். 10,000 ரூபாய்க்குப் பந்தயம் நடக்கும், கிளப்புக்கு வர்ற 1000-த்துல அரசுக்கு 400, கிளப்புக்கு 600. அரசுக்கு 800 வர்றது 400 ஆகுதேன்னு கேப்பீங்க. அந்த 800, எல்லாரும் கவுண்டருக்கு வந்தா வர்ற 800. பாதிப் பேரு கள்ள புக்கிக்கிட்டப் போனாலே 400-தான். பாதியோட நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கள்ள புக்கிக்கிட்டப் போறவனுக்கு வட்டிக்காரனும் அடியாளும் இலவசம், அது வாத்தியாரய்யா கவனத்துக்கு.

நடுமாட்டுக்காரன்

அய்யா, கடைசியா ஒண்ணு. எங்க பந்தயத்துலயும் ரோட்டோரம் நிக்கிற ஆளுங்க தங்களுக்குள்ள ஆயிரம் ரெண்டாயிரம்னு கட்டிக்கிறாங்க. இந்தத் தடவை ஊர்க் கூட்டத்துல ஒருத்தர், "அத நாமளே வாங்கி டோட் மாதிரிப் பிரிச்சுக் குடுத்தா பரிசக் கூட்டலாம்ல"னு ஆரம்பிச்சிருக்காரு. நீங்க என்ன சொல்றீங்க?

பழைய டோட்டு

வேண்டவே வேண்டாம். முதல்ல அது குத்தம், போலீஸ் கேஸ் ஆகும். 1996 தீர்ப்பு குதிரைக்கு, அதுவும் லைசென்ஸ் வாங்குன கிளப்புக்கு. ரெண்டாவது, காசு உள்ள வந்த அன்னைக்கே வண்டி ஓட்டுற சாரதிக்கு ஒருத்தன் பணம் குடுத்து மாட்டப் பிடிச்சு நிறுத்தச் சொல்லுவான். குதிரைக்கு அதுக்குன்னு ஸ்டூவர்டு உண்டு, ரேஸ் முடிஞ்சதும் பல கோணத்துல வீடியோ பாத்து ஜாக்கியக் கூப்பிட்டு ஏன் சவுக்க எடுக்கலன்னு கேப்பாங்க, மூத்திரம் ரத்தம் எடுத்துச் சோதிப்பாங்க. அம்புட்டு இருந்தும் அங்க தில்லுமுல்லு நடக்குது. உங்க பந்தயத்துல கொடி பிடிக்கிறதே மாட்டுக்காரரோட மச்சான். மைக்குல பேர் சொல்லிக் குடுக்குற பெரிய மனுசங்களையே பிடிச்சுக்கங்க. பரிசு பத்தலன்னா நுழைவுக் கட்டணத்த அம்பது நூறு கூட்டுங்க.

கால்நடை மருத்துவர் (ஒத்தக்கடை)

அந்த ஊர்க் கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள், முடிந்தால் நானும் வருகிறேன். பந்தயத்துக்கு முன் மாடுகளைப் பரிசோதிக்கிற ஏற்பாட்டையும் அன்றைக்கே பேசிவிடலாம்.

நடுமாட்டுக்காரன்

வெள்ளிக்கிழமை சாயந்தரம், மந்தையில, டாக்டரம்மா. அஞ்சு மணிக்குன்னு சொல்வாங்க, ஏழுக்கு வாங்க.